ஐ3-இல் தமிழ்: டைலிங் விண்டோ மேனேஜரை எழுத்து வேலைக்குப் பழக்கிய பதிவு

என் கணினியில் எந்நேரமும் திறந்திருப்பவை இவை: எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு, அதற்குப் பார்க்கவேண்டிய பிடிஎஃப், ஏகப்பட்ட டேபுகளோடு பிரவுசர், ஒன்றிரண்டு டெர்மினல், மின்னஞ்சல். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒரு வரி எழுதிவிட்டு மூலத்தைப் பார்க்க ஆல்ட்+டேப் அடித்தால், கடைசியாக எதைத் தொட்டோமோ அது வந்து நிற்கும். வேண்டியது வரும்வரை மறுபடி மறுபடி அடிக்கவேண்டும். அதற்குள் மனதில் பிடித்து வைத்திருந்த வாக்கியம் நழுவிவிடும். வேகம் குறைகிறது என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. நினைவு அறுந்துபோவதுதான் பிரச்சினை. அதனால்தான், திறந்த சாளரங்களை ஒழுங்காக அடுக்கித் தரும் மென்பொருளான டைலிங் விண்டோ மேனேஜர் பக்கம் வந்தேன்.

டைலிங் என்றால், சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்காமல் திரையைப் பங்குபோட்டுக்கொள்வது. முதல் சாளரம் முழுத் திரையையும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வந்தால் பாதிப் பாதி. ஓரத்தைப் பிடித்து இழுப்பது, நகர்த்துவது, பெரிதாக்குவது எல்லாம் மேனேஜரின் வேலை. இது புதுச் சரக்கும் அல்ல. 1985-இல் வந்த விண்டோஸ் 1.0-இலேயே சாளரங்கள் பக்கம் பக்கமாகத்தான் நிற்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. 1987-இல் வந்த 2.0-இல்தான் மேலே ஏற விட்டார்கள். அதன்பிறகு உலகம் அந்த வழியிலேயே போய்விட்டது. லினக்ஸ் பக்கம் இப்படிப்பட்ட மேனேஜர்களாக டிடபிள்யூஎம் 2006-இலும், எக்ஸ்மொனாட் 2007-இலும், ஐ3 2009-இலும் வந்தன. முதல் இரண்டும் சாளரங்களை எப்படி அடுக்குவது என்று தாமே ஒரு கணக்கு வைத்திருப்பவை. ஐ3 அப்படியில்லை. அடுத்தது எங்கே வரவேண்டும் என்பதை நாம்தான் சொல்லவேண்டும். எனக்கு இதுதான் தோதாகப்பட்டது. எழுதும்போது இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் எழுத்து என்பது மாறவே கூடாது. புதிதாக ஒன்று திறந்ததும் மேனேஜர் தன் கணக்குப்படி எல்லாவற்றையும் கலைத்துப் போட்டால் பழையபடி தேடத்தான் வேண்டும்.

டெபியன் லினக்ஸில் நிறுவுவது சுலபம். ஐ3 என்ற ஒரே பேக்கேஜைக் கேட்டால், மேனேஜரோடு நிலைப்பட்டை, திரைப்பூட்டு, செயலிகளைத் திறக்கும் டிமெனு எல்லாம் கூடவே வந்துவிடும். பழைய டெஸ்க்டாப்பை நீக்கவேண்டியதில்லை. லாகின் திரையில் எந்த செஷன் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஐ3-ஐத் தொட்டுவிட்டு நுழையலாம். பிடிக்கவில்லை என்றால் வெளியே வந்து பழையதில் நுழைந்துகொள்ளலாம். முயன்று பார்க்கத் தயங்குகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். இழப்பதற்கு ஒன்றுமில்லை.

முதல்முறை உள்ளே போனதும் ஒரு சிறு கட்டம் இரண்டு கேள்வி கேட்கும். அமைப்புகளையெல்லாம் எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பை உருவாக்கவா என்பது முதலாவது. எண்டர் தட்டினால் போதும். இரண்டாவது, மாட் விசையாக விண்டோஸ் சின்னமுள்ள சூப்பர் விசை வேண்டுமா, ஆல்ட் வேண்டுமா என்பது. ஐ3-இன் கிட்டத்தட்ட எல்லா ஷார்ட்கட்டும் இந்த மாட் விசையோடு சேர்ந்துதான் வேலை செய்யும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். ஆல்ட் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருப்பதால் கைக்கு இதம்தான். ஆனால் ஆல்ட்டை ஏற்கெனவே பலர் பிடித்து வைத்திருக்கிறார்கள். டெர்மினலில் ஆல்ட்+டி அடித்தால் அடுத்த சொல் அழியும், ஆல்ட்+எஃப் அடித்தால் ஒரு சொல் தாண்டும். ஈமேக்ஸ் எடிட்டருக்கோ ஆல்ட் இல்லாமல் வாழ்வே இல்லை. ஆல்ட்டை ஐ3-க்குக் கொடுத்தால் ஆல்ட்+டி டிமெனுவைத் திறக்கும், ஆல்ட்+எஃப் சாளரத்தை முழுத்திரை ஆக்கும். சூப்பரை எந்தச் செயலியும் பெரும்பாலும் தொடுவதில்லை. வம்பே வேண்டாம் என்று சூப்பரையே தேர்ந்தெடுத்தேன்.

பிறகு வெற்றுத் திரை. ஐகான் இல்லை, மெனு இல்லை, கீழே ஒரு பட்டை மட்டும். பலர் இந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். மாட்+எண்டர் அடித்தால் டெர்மினல் வரும். மாட்+டி அடித்தால் டிமெனு வரும், அதில் செயலியின் பெயரை நாலெழுத்து தட்டி எண்டர். மாட்+ஷிப்ட்+கியூ சாளரத்தை மூடும். மாட்டோடு ஜே, கே, எல், அரைப்புள்ளி அடித்தால் கவனம் (தட்டுவது எந்தச் சாளரத்துக்குப் போகிறது என்பது) முறையே இடம், கீழ், மேல், வலம் போகும். ஷிப்ட்டும் சேர்த்தால் சாளரமே அந்தப் பக்கம் நகரும். மாட்+1 முதல் மாட்+0 வரை பத்து ஒர்க்ஸ்பேஸ்கள், அதாவது தனித்தனித் திரைகள் போன்றவை. தொடங்குவதற்கு இவ்வளவு போதும். ஐம்பது ஷார்ட்கட்டை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேவை வரும்போது ஒன்றொன்றாகச் சேர்த்தால்தான் விரலில் நிற்கிறது.

விம் எடிட்டர் பழகியவர்களுக்கு ஜே கீழே போகாமல் இடப்பக்கம் போவது உறுத்தும். எச், ஜே, கே, எல் என்று மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படி மாற்றினால் எச்-சில் இருக்கும் கிடைமட்டப் பிரிப்புக்கு வேறு விசை தேடவேண்டும். நான் மாற்றவில்லை. வலக்கை விரல்கள் இயல்பாக உட்காரும் நான்கு விசைகள் ஜே முதல் அரைப்புள்ளி வரைதான். கையை அசைக்காமலே நான்கு திசையும் கிடைக்கிறது.

ஐ3-இல் நேரம் செலவழித்துப் புரிந்துகொள்ளவேண்டிய ஒன்று உண்டென்றால், அது பிரிப்பு. திரையில் இரண்டு சாளரம் பக்கம் பக்கமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கச் சாளரத்தில் நின்றுகொண்டு மாட்+வி அடிக்கிறோம். எதுவும் நடக்காதது போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால், சாளரத்தின் கீழ் ஓரத்தில் பளிச்சென்று ஒரு நீலக்கோடு வந்திருக்கும். அடுத்த சாளரம் கீழே வரும் என்பதற்கான அடையாளம் அது. மாட்+எச் அடித்தால் கோடு வலது ஓரத்துக்குப் போகும். இந்த மெல்லிய கோட்டைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் ஐ3 பிடிபட்டது. அதுவரை புதுச் சாளரம் எங்கே முளைக்கும் என்பது குருட்டாம்போக்காகவே இருக்கும்.

பின்னால் நடப்பது இதுதான். ஐ3 ஒவ்வொரு ஒர்க்ஸ்பேஸையும் ஒரு மரமாக வைத்திருக்கிறது. மாட்+வி அடித்த நொடியில் அந்த ஒற்றைச் சாளரத்தைச் சுற்றி ஒரு பெட்டி உருவாகிறது. அடுத்த சாளரம் அந்தப் பெட்டிக்குள் விழுகிறது. பெட்டிக்குள் பெட்டி எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். மாட்+ஏ அடித்தால் கவனம் சாளரத்திலிருந்து அதைச் சுற்றியிருக்கும் பெட்டிக்கு ஏறும். அப்போது நகர்த்தினால் உள்ளே இருப்பவை மொத்தமாக நகரும். மாட்+டபிள்யூ அடித்தால் சாளரம் இருக்கும் பெட்டி டேபுகளாக மாறும், மாட்+எஸ் அடித்தால் தலைப்புகள் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கப்படும், மாட்+இ அடித்தால் மறுபடி பிரிந்து நிற்கும். நாள் முழுக்க வேலை செய்த ஒர்க்ஸ்பேஸில் தேவையில்லாத உட்பெட்டிகள் தங்கிவிடுவது உண்டு. சாளரம் நாம் சொல்லும் பக்கம் போகாமல் முரண்டு பிடித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அதைப் புதிய ஒர்க்ஸ்பேஸுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

எத்தனை சாளரங்களை ஒரே திரையில் பிரிக்கலாம்? 1920 பிக்சல் அகலமுள்ள திரையில் இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 960. அதுவே பல இணையதளங்களுக்கு இறுக்கம்தான். மூன்றாகப் பிரித்தால் 640. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, வரிக்கு நாலைந்து சொல்தான் தேறும், படிக்கவே சலிப்பாகிவிடும். திரையைப் பதினாறு துண்டாக்கி எடுத்த படங்களைப் பார்த்து டைலிங் என்றாலே அதுதான் என்று நினைத்துவிடக் கூடாது. பக்கம் பக்கமாக இரண்டு, அதற்குமேல் வந்தால் டேப். இதற்குமேல் நான் போவதில்லை. எழுதும் ஒர்க்ஸ்பேஸில் இடப்பக்கப் பெட்டி டேபுகளாக இருக்கும், அதில் பிடிஎஃப், அகராதி, குறிப்புகள். வலப்பக்கம் எழுத்து மட்டும். அங்கே வேறெதையும் விடுவதில்லை.

ஒர்க்ஸ்பேஸ்களில்தான் எனக்கு உண்மையான பலன் கிடைத்தது. 1 எழுத்து, 2 பிரவுசர், 3 டெர்மினல், 9 மின்னஞ்சல். இந்த எண்கள் மாறவே மாறாது. ஆல்ட்+டேப்பில் நாம் கேட்பது ‘முந்தையது எது’ என்று. இங்கே கேட்பது ‘பிரவுசர்’ என்று நேரடியாக. மாட்+2 எப்போது அடித்தாலும் எங்கிருந்து அடித்தாலும் பிரவுசர்தான். கொஞ்ச நாளில் விரலே போய்விடும், எண்ணை யோசிக்கவேண்டியிருக்காது. இது நடக்கவேண்டுமானால் ஒழுங்கைச் சாளரங்கள் மீறாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அதற்குக் கான்ஃபிக்கில் அசைன் கட்டளை இருக்கிறது. டெர்மினலில் எக்ஸ்ப்ராப் என்று தட்டி, வேண்டிய சாளரத்தின்மேல் ஒருமுறை சொடுக்கினால், டபிள்யூஎம் கிளாஸ் என்ற வரியில் இரண்டு பெயர் வரும். இரண்டாவது பெயர்தான் கிளாஸ். அதை அசைன் வரியில் கொடுத்து ஒர்க்ஸ்பேஸ் எண்ணைச் சொன்னால், அந்தச் செயலி எங்கே திறந்தாலும் தன் இடத்துக்குப் போய்விடும். சில செயலிகள் சாளரம் தோன்றிய பிறகுதான் தங்கள் கிளாஸைச் சொல்கின்றன. அவற்றிடம் அசைன் பலிக்காது. ஃபார்-விண்டோ கட்டளையால் நகர்த்தவேண்டும்.

இதோடு இரண்டு வரிகள் சேர்த்தேன். ஒன்று, ஒர்க்ஸ்பேஸ் ஆட்டோ பேக் அண்ட் ஃபோர்த். இதைப் போட்டால், இருக்கும் ஒர்க்ஸ்பேஸின் எண்ணையே மறுபடி அடிக்கும்போது முந்தைய ஒர்க்ஸ்பேஸுக்குத் திரும்பும். எழுதிக்கொண்டிருக்கும்போது மாட்+9 அடித்து மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு, மறுபடி மாட்+9 அடித்தால் எழுத்துக்கே வந்துவிடுவோம். இன்னொன்று, ஃபோகஸ் ஃபாலோஸ் மவுஸை நிறுத்தியது. இயல்பான அமைப்பில் மவுஸ் எந்தச் சாளரத்துக்குள் நுழைகிறதோ அங்கே கவனம் போய்விடும். கை தவறி மவுஸில் பட்டால் பாதி வாக்கியம் பிரவுசருக்குள் போய் விழும். கீபோர்டை நம்பி வேலை செய்கிறவர்கள் இதை முதலிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

சரி, இனி தமிழ்த் தட்டச்சு. இந்த அமைப்பில் அதிக நேரம் எடுத்ததும், நான் விரிவாக எழுத நினைத்ததும் இந்தப் பகுதியைத்தான்.

லினக்ஸில் தமிழ் தட்ட உதவும் உள்ளீட்டு மென்பொருள் ஐபஸ். அதில் மொழி மாற்றும் இயல்பான ஷார்ட்கட் சூப்பர்+ஸ்பேஸ். ஐ3-இல் மாட்+ஸ்பேஸ் என்பது (டைல் ஆகாமல் மற்றவற்றின்மேல் நிற்கும்) மிதக்கும் சாளரத்துக்கும் டைல் சாளரத்துக்கும் இடையே கவனத்தை மாற்றுவது. மாட் சூப்பர் என்றால் இரண்டும் ஒன்றேதான். திரையையும் விசைகளையும் கையாளும் எக்ஸ்11-இல் ஒரு விசைச் சேர்க்கையை ஒரே ஒரு செயலிதான் தனக்கென்று பிடித்து வைக்கமுடியும். இரண்டாவதாகக் கேட்பவருக்குக் கிடைக்காது. செஷன் தொடங்கும்போது ஐ3 முதலில் எழுந்து எல்லாவற்றையும் பிடித்துவிடுகிறது, பின்னால் வரும் ஐபஸ் கைவிடப்படுகிறது. சூப்பர்+ஸ்பேஸை எத்தனை முறை அடித்தாலும் தமிழ் வராது, பிழைச்செய்தியும் வராது. அமைப்பெல்லாம் சரியாக இருந்தும் தமிழ் மாறவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். தீர்வு இரண்டு விதம். ஐபஸின் அமைப்புச் சாளரத்தில் ஷார்ட்கட்டை மாற்றலாம், அல்லது ஐ3 கான்ஃபிக்கில் அந்த வரியை நீக்கலாம். மிதக்கும் சாளரம் எனக்கு அபூர்வம். மொழி மாற்றமோ நிமிடத்துக்கொரு முறை நடப்பது. அதனால் ஐ3-இன் வரியை வேறொரு விசைக்குத் தள்ளிவிட்டு ஸ்பேஸைத் தமிழுக்குக் கொடுத்தேன். ஐபஸுக்குப் பதிலாக எஃப்சிடிஎக்ஸ்5 பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த மோதல் இல்லை. அதன் இயல்பான ஷார்ட்கட் கண்ட்ரோல்+ஸ்பேஸ்.

ஐபஸ் எதற்கு, எக்ஸ்11-இன் கீபோர்டு அமைப்பான எக்ஸ்கேபி-யிலேயே தமிழ் லேஅவுட் இருக்கிறதே என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். எக்ஸ்கேபி லேஅவுட் என்பது ஒரு விசைக்கு ஒரு குறி என்ற அட்டவணை. முன்னால் என்ன தட்டினோம் என்பது அதற்குத் தெரியாது. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையின் அழகே, ஒரே மெய்யை இரண்டுமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுவதில் இருக்கிறது. அதற்கு முந்தைய எழுத்து தெரிந்தாகவேண்டும். ஆங்கில எழுத்துகளில் அம்மா என்று தட்டித் தமிழில் அம்மா என்றே வரவைக்கும் ஒலிபெயர்ப்பு முறைக்கும் அப்படித்தான். இந்த வேலையை ஐபஸும் அதன் எம்17என் எஞ்சினும் செய்கின்றன.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. கான்ஃபிக்கில் இருக்கும் பைண்ட்சிம் வரிகள் விசையின் குறியைப் பார்ப்பவை. ஜே என்ற எழுத்தைத் தரும் விசை எது என்று தேடி, அதைப் பிடித்துக்கொள்ளும். கீபோர்டையே தமிழ்99-க்கு மட்டும் மாற்றிவிட்டால் அந்த விசை ப-வைத் தரும், கே ம-வைத் தரும், எல் த-வைத் தரும். ஜே என்ற குறியைத் தர எந்த விசையும் மிஞ்சாது, ஐ3 எதைப் பிடிக்கும்? இதற்கு மருந்து பைண்ட்கோடு. அது குறியை விட்டுவிட்டு விசையின் எண்ணைப் பார்க்கும். ஜே-யின் எண் 44, கே 45, எல் 46, அரைப்புள்ளி 47. எக்ஸ்ஈவி என்ற சிறு செயலியைத் திறந்து விசையைத் தட்டினால் எண் தெரிந்துவிடும். லேஅவுட் எதுவானாலும் எண் மாறாது. அடிக்கடி லேஅவுட் மாற்றுகிறவர்கள் பைண்ட்கோடு பயன்படுத்தலாம் என்று ஐ3-இன் கையேடே சொல்கிறது. எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலேண்டில் ஓடும், ஐ3 போன்ற ஸ்வே பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் சுலபம். பைண்ட்சிம்மோடு டு-கோடு என்ற தேர்வைச் சேர்த்தால், குறியை அதுவே எண்ணாக மாற்றிக்கொள்ளும். கான்ஃபிக் படிக்கிற மாதிரியும் இருக்கும்.

ஐபஸ் வழியில் போனால் இந்தக் கவலையே எழாது. கீபோர்டு கடைசிவரை ஆங்கிலமாகவே இருக்கிறது. தமிழாக மாறுவது செயலிக்குள் எழுத்து போய்ச் சேரும் இடத்தில்தான். மாட்+ஜே அதற்கு முன்பே ஐ3-இன் கையில் போய்விடுகிறது. திரைப்பூட்டிலும் இது கைகொடுக்கிறது. ஐ3லாக் கீபோர்டின் லேஅவுட்டை அப்படியே படிக்கும். எக்ஸ்கேபி தமிழில் இருக்கும்போது திரை பூட்டிக்கொண்டால், கடவுச்சொல்லின் எழுத்துகள் தமிழாகப் போகும், திரையில் எதுவும் தெரியாததால் என்ன நடக்கிறதென்றே புரியாது. ஐபஸ் அந்தப் பூட்டுத் திரைக்குள் வருவதே இல்லை. கடவுச்சொல் எப்போதும் ஆங்கிலம்தான்.

ஐபஸின் அமைப்பில் இரண்டு இடங்களைத் தவறாமல் பாருங்கள். மேம்பட்ட அமைப்புகள் பக்கத்தில், எல்லாச் செயலிகளுக்கும் ஒரே உள்ளீட்டு முறை என்ற பொருளில் ஒரு டிக் கட்டம் இருக்கும். டைலிங்குக்கு அதை எடுத்துவிடவேண்டும். அந்த டிக் இருந்தால், எழுத்தில் தமிழை வைத்துவிட்டு டெர்மினலுக்குத் தாவினால் அங்கேயும் தமிழ்தான் வரும். டைலிங்கில் கவனம் நொடிக்கொரு தரம் தாவுவதால் இது பெரிய தலைவலி. டிக்கை எடுத்துவிட்டால் ஒவ்வொரு சாளரமும் தன் மொழியைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும். எழுத்துச் சாளரம் தமிழிலேயே நிற்கும், டெர்மினல் ஆங்கிலத்திலேயே நிற்கும். சூப்பர்+ஸ்பேஸ் அடிக்கும் தேவையே பெருமளவு குறைந்துவிடும். சாளரத்தின் இடம் மாறாது என்பதோடு அதன் மொழியும் மாறாது என்பது சேரும்போதுதான் இந்த அமைப்பு முழுமையாகிறது. ஐ3-இல் நான் செய்த எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு டிக்கை எடுத்ததுதான். அதே பக்கத்தில், கணினியின் கீபோர்டு லேஅவுட்டையே பயன்படுத்து என்ற கட்டமும் இருக்கும். அதை டிக் செய்துவிடலாம். ஐபஸ் மொழி மாற்றும்போது லேஅவுட்டில் கை வைக்காது.

ஐபஸ் தானாகத் தொடங்கவேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. முழு டெஸ்க்டாப்பில் அதை யாரோ கவனித்துக்கொள்கிறார்கள், இங்கே நாம்தான் பார்க்கவேண்டும். டெபியனில் இம்-கான்ஃபிக் என்ற கருவியில் ஐபஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வெளியேறித் திரும்ப நுழைந்தால் போதும். ஜிடிகே, க்யூடி செயலிகளுக்கு வேண்டிய சூழல் மாறிகளை அதுவே வைத்துவிடும். வேறு விநியோகங்களில் அந்த மாறிகளை நாமே வைத்து, ஐ3 கான்ஃபிக்கில் பின்னணியில் ஓடும் ஐபஸ் டீமனுக்கு ஒரு எக்ஸெக் வரியும் சேர்க்கவேண்டியிருக்கலாம். எக்ஸெக் செஷன் தொடங்கும்போது ஒருமுறைதான் ஓடும். ஐ3-ஐ மறுதொடக்கம் செய்யும்போதும் ஓடவேண்டியவற்றுக்கு எக்ஸெக்-ஆல்வேஸ்.

தமிழ் வைத்திருக்கும்போது விம்மின் கட்டளை நிலையில் ஜே அடித்தால் கர்சர் நகராது, ப என்ற எழுத்துதான் அங்கே போய்ச் சேரும். ஐ3 இதில் ஒன்றும் செய்யமுடியாது. அது செயலிக்குள் நடப்பது. ஈமேக்ஸ்காரர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. ஈமேக்ஸுக்குள்ளேயே தமிழ் உள்ளீட்டு முறைகள் உண்டு, கண்ட்ரோலோடு பின்சாய்வுக்கோட்டை அடித்தால் மாறும். கட்டளைகள் கட்டளைகளாகவே இருக்கும், எழுத்து மட்டும் தமிழாகும். நான் எழுதுவது லிப்ரே ஆபீஸில் என்பதால் எனக்கு இந்தச் சிக்கல் வரவில்லை.

சூப்பர் விசை இருக்கும் இடம் ஒரு குறை. இடக்கைக் கட்டைவிரலை மடக்கித்தான் அழுத்தவேண்டும். ஷிப்ட்டும் எண்ணும் சேரும்போது கை கோணிக்கொள்கிறது. சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே, நல்ல பெரிய விசையாக, கேப்ஸ் லாக் சும்மா கிடக்கிறது. தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாது, ஒலிபெயர்ப்பில் தட்டுகிறவர்களுக்கும் ஷிப்ட் போதும். எக்ஸ்கேபி-யில் கேப்ஸ்-சூப்பர் என்ற தேர்வு இதற்கென்றே இருக்கிறது. கேப்ஸ் லாக் இன்னொரு சூப்பராகிவிடும், பழைய சூப்பரும் அப்படியே இருக்கும். டெபியனில் கீபோர்டு அமைப்புக் கோப்பில் எக்ஸ்கேபி ஆப்ஷன்ஸ் என்ற வரியில் சேர்த்துவிட்டால் எப்போதும் நிலைக்கும். கைவலி உள்ளவர்கள் மற்றதையெல்லாம் விட்டாலும் இதை மட்டுமாவது செய்துகொள்ளுங்கள்.

மற்ற உதிரிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஒலி விசைகளுக்கும், திரைப்பூட்டுக்கும், நெட்வொர்க் ஐகானுக்கும் ஐ3-இன் இயல்பான கான்ஃபிக்கிலேயே வரிகள் இருக்கின்றன. அறிவிப்புகளுக்கு டன்ஸ்ட், ஸ்கிரீன்ஷாட் எடுக்க மெய்ம், பின்னணிப் படத்துக்கு ஃபெ. கான்ஃபிக்கைத் திருத்தியதும் மாட்+ஷிப்ட்+சி அடித்தால் மறுபடி படிக்கும், மாட்+ஷிப்ட்+ஆர் அடித்தால் ஐ3-யே மறுதொடக்கம் ஆகும். இரண்டிலும் திறந்த சாளரங்கள் மூடாது. தவறான வரி இருந்தால் மேலே சிவப்புப் பட்டை ஒன்று வந்து, பிழையைக் காட்டும் பொத்தானோடு நிற்கும். புதிதாக மோடு ஒன்று (விசைகளுக்குத் தற்காலிகமாக வேறு வேலை தரும் நிலை) எழுதினால், அதிலிருந்து வெளியேறும் விசையை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அந்த மோடிலேயே மாட்டிக்கொள்ள நேரும். சாளரங்களுக்கு இடையே இடைவெளி வேண்டும் என்கிறவர்களுக்கு முன்பு தனிக் கிளை தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் வந்த 4.22 பதிப்பிலிருந்து ஐ3-இலேயே சேர்ந்துவிட்டது. எனக்கு வேண்டியதில்லை, அந்த இடத்தில் இன்னொரு சொல் தெரிந்தால் நல்லது.

லினக்ஸுக்கு வரமுடியாதவர்களும் இதில் பாதியைப் பெறலாம். விண்டோஸில் வின் விசையோடு அம்புக்குறி அடித்தால் சாளரம் பாதித் திரைக்குப் போகும், விண்டோஸ் 11-இல் வின்+இசட் அடுக்கு வடிவங்களைக் காட்டும். பவர்டாய்ஸில் இருக்கும் ஃபேன்சிஸோன்ஸ் இன்னும் நுணுக்கமானது. மேக்கில் 2024-இல் வந்த செக்கோயாவிலிருந்து டைலிங் உள்ளேயே இருக்கிறது. எண்ணுக்கு ஒரு நிலையான இடம் என்ற வசதிதான் இவற்றில் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

கடைசியாகச் சரிசெய்தது எழுத்துருவை. கீழ்ப்பட்டையில் ஒர்க்ஸ்பேஸ்களுக்கு எண்ணோடு தமிழ்ப் பெயரும் வைத்திருக்கிறேன்: 1 எழுத்து, 2 வலை, 3 முனையம். கான்ஃபிக்கில் வெறும் பெயரைச் சொல்லாமல் ஒர்க்ஸ்பேஸ் நம்பர் என்று சொல்லியிருப்பதால், பெயரை எப்படி மாற்றினாலும் மாட்+1 வேலை செய்யும். ஃபாண்ட் வரியில், எழுத்துகளைக் கோர்த்து வரையும் நிரலான பேங்கோவின் பெயரில் தொடங்கி, லத்தீன் எழுத்துருவை அடுத்து நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்தேன். பேங்கோ எழுத்துகளைச் சரியாகக் கோர்ப்பதால் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் விழுகின்றன. டிமெனுவில் இது நடக்காது. அது எக்ஸ்எஃப்டி என்ற எளிய எழுத்துரு நிரலை நேரடியாகப் பயன்படுத்துகிறது, எழுத்துகளைக் கோர்க்கும் வேலையே அதில் இல்லை. ‘கொ’ என்பதில் கொம்பு க-வுக்கு முன்னால் வராமல் பின்னால் தொங்கும். கோப்புப் பெயரெல்லாம் தமிழில் வைத்திருக்கிறவருக்கு இது சரிப்படாது. அதனால் மாட்+டி-யில் டிமெனுவை எடுத்துவிட்டு ரோஃபியை வைத்தேன். ரோஃபி பேங்கோ வழியாக எழுதுவதால் தமிழ் ஒழுங்காக வருகிறது. திறந்திருக்கும் சாளரங்களின் பட்டியலையும் அதுவே காட்டும். அதை மாட்+ஓ-வில் வைத்திருக்கிறேன், தலைப்பில் நாலெழுத்து தட்டினால் போதும்.

டெர்மினலில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. எனக்குப் பிடித்த அலக்ரிட்டி எழுத்துகளைக் கோர்ப்பதில்லை, ஒவ்வொரு குறியையும் தனித்தனிக் கட்டத்தில் வைக்கும். தமிழ்க் கோப்புகளைப் பட்டியலிடும்போது கொம்பும் மெய்யும் பிரிந்து கிடக்கின்றன. இந்திய மொழிகளைக் கோர்க்கத் தெரிந்த எம்எல்டெர்மை நிறுவி, ஸ்க்ராட்ச்பேடில் போட்டிருக்கிறேன். மாட்+கழித்தல் குறி அடித்தால் எந்த ஒர்க்ஸ்பேஸிலும் மேலே மிதந்து வரும், மறுபடி அடித்தால் மறையும். தமிழ்ப் பெயருள்ள கோப்புகளை இப்போதைக்கு அங்கேதான் பார்க்கிறேன். அடுத்து அதன் எழுத்துரு அளவை மற்ற சாளரங்களோடு ஒத்துவரும்படி மாற்றவேண்டும்.